மாசம் ஒரு பெட்டி ஆரஞ்சு

தென்கொரியாவின் வாண்டோ துறைமுகத்தில், சோற்றோடு தின்னும் கடற்பாசித் தாள் காயவைத்து அடுக்கும் ஆலையில் ஹேரிமுக்கு ஏழாவது குளிர்காலம். வயது நாற்பத்தொன்று. அடியில் விளக்கு எரியும் மேசைமேல் தாளை விரித்து, ஓட்டை விழுந்ததைத் தள்ளிவிட வேண்டும். பெரும்பாலான நாட்களில் அந்த வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

சில நாட்களில்தான் எல்லாம் கெட்டுப்போகும். அந்த டிசம்பரில், பக்கத்து மேசை குவோன் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள் என்பதற்காக, அடுக்கி வைத்த தாளையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு, "நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டு வெளியேறினாள். காருக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். தான் இருந்து யாருக்கு என்ன என்று தோன்றியது. மூன்றாம் நாள் தீட்டு வந்தது. மனசு தெளிந்ததும், கத்தியது வேறு யாரோ போல இருந்தது. வழக்கம்போல ஒரு பெட்டி ஆரஞ்சோடு போய் நின்றாள்.

குவோன் அவளைவிட மூன்று வயது பெரியவள். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "மறுபடியும் ஆரஞ்சா? உன் மன்னிப்பைத் தின்னு தின்னே என் கையெல்லாம் மஞ்சளாப் போச்சுடி."

"மன்னிச்சிருங்கக்கா."

"அது கெடக்கட்டும். மாசம் தவறாம வருதே இந்தப் பெட்டி, என்னிக்காச்சும் தேதி பாத்தியா?"

பார்த்ததில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்த சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். தினமும் ராத்திரி மனசு எப்படி இருந்தது என்று இரண்டு மாதம் குறித்து வரச் சொன்னார். மீனவர் சங்கம் கொடுத்த நாட்காட்டியில், கடல் ஓதம் ஏறி இறங்கும் நேரத்துக்குக் கீழே ஹேரிம் பென்சிலால் குறித்தாள்; கெட்ட நாளென்றால் கட்டத்தையே கறுப்பாக்கினாள். இரண்டு மாதமும் கறுத்த கட்டங்கள் தீட்டுக்கு முந்தைய ஆறேழு நாளில் வரிசையாக நின்றன.

"இது உங்க கொணம் இல்லம்மா, ஒடம்பு பண்ற வேலை," என்றார் டாக்டர். தீட்டுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். தினம் நடக்கச் சொன்னார். ஆலையில் ஐந்தாறு தடவை குடிக்கும் காபியை ஒன்றாக்கச் சொன்னார்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வேறொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனானே, அது கறுத்த கட்டத்திலா, வெளுத்த கட்டத்திலா? அந்த வருஷங்களுக்கு நாட்காட்டி இல்லை. கேட்கவும் ஆளில்லை.

இரண்டு வருஷமாகப் பேசாத கூடப்பிறந்த அக்கா சுக்யோங்குக்குச் சண்டையில் கடைசியாக அனுப்பிய நீளமான செய்தி மட்டும் போனில் இருந்தது. மனசு தெளிந்த நாளாகப் பார்த்து அதை எடுத்துப் படித்தாள். முக்கால்வாசி விஷம். ஒரு வரி மட்டும் இப்போதும் உண்மையாக இருந்தது. அக்கா இருக்கும் குவாங்ஜு நகரத்துக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"மாத்திரை தின்னா நீ சொன்னதெல்லாம் இல்லன்னு ஆயிருமா?"

"ஆவாதுக்கா. மன்னிச்சிரு. ஆனா ஒண்ணு மட்டும் நெசம். அப்பா படுத்த படுக்கையா கெடந்த மூணு வருஷத்துல நீ வந்தது நாலே தடவ. நான் ஒத்தையாக் கெடந்தேன். அது இப்பவும் வலிக்குது."

"அடுப்புல சோறு இருக்கு, வெக்கிறேன்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அந்த மாதம் முழுக்கப் போன் வரவில்லை.

அடுத்த கெட்ட நாட்கள் வந்தபோது, "அக்கா, ஒரு வாரத்துக்கு எங்கிட்ட வாய் குடுக்காதீங்க," என்று குவோனிடம் காலையிலேயே சொல்லிவிட்டு, பெட்டி ஒட்டும் மூலைக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் இல்லை. மாலையில் அலைதடுப்புச் சுவர்மேல் தனியாக நடந்தாள். பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும் எரிச்சல் இருந்தது. அப்போதுதான் அக்காவின் செய்தி வந்தது: 'அப்பா தெவசத்துக்கு வர்றேன். என்ன செஞ்சு எடுத்துட்டு வரட்டும்?'

'இப்பதான் வழி தெரிஞ்சுதா?' என்று விரல் தானாக அடித்தது. அழித்தாள். போனை அணைத்துப் பையில் போட்டாள்.

நான்காம் நாள், தீட்டு வந்து தலை லேசானதும் பதில் போட்டாள்: 'ஒண்ணும் செய்ய வேணாம். நீ வா, போதும்.'

தெவசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஹேரிம் இன்றைக்கும் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி அளந்து, களைந்து, அடுப்பில் வைத்தாள்.