கீல் பெயர்ந்த லேப்டாப்

அருவங்காட்டுக்கு முந்தைய வளைவில் பஸ் சடக்கென்று பிரேக் போட்டது. ஷண்முகப்ரியாவின் மடியிலிருந்த லேப்டாப் பை நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திறந்து பார்த்தாள். இடதுபக்கக் கீல் பெயர்ந்து திரை தொங்கியது.

அது அவளுடையதல்ல. ஜெகதளாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். மாதக் கடைசி என்று ஃபேக்டரி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். பச்சைத் தேயிலை விலை கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்திருந்த வருடம். இரண்டு மாதத்தில் நான்கு பேரை நிறுத்தியிருந்தார்கள். எடை மெஷினைப் போட்டு உடைத்தவரும் அவர்களில் ஒருவர்.

தலைவலி, தாமதமாக வருகிறேன் என்று மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் குன்னூருக்கே திரும்பினாள். ரிப்பேர் கடை லெஸ்லியிடம் பையை நீட்டினாள்.

“வெளிய தெரியாம பண்ணிக் குடுத்துருங்ணா.”

லெஸ்லி கழற்றிப் பார்த்தார். “கீல் நல்லாத்தாம்மா இருக்கு. அதைப் புடிச்சிருக்கிற பாடிதான் வெறும் பிளாஸ்டிக். ஒட்டிக் குடுத்தா ஒரு மாசம் தாங்கும். பாடி மாத்த நாலாயிரம் ஆகும், வர பத்து நாளாகும்.”

“புதுசுன்னா?”

“நாப்பதாயிரம். இதை வித்தா ஆறாயிரம்கூட வராது. செகண்ட் ஹேண்ட்ல மெட்டல் பாடி ஒண்ணு இருக்கு, பதினெட்டாயிரம். என்னைக் கேட்டா அதுதான் உழைக்கும்.”

அவள் சம்பளமே பதினோராயிரம். வேறு மாடலை மேஜையில் வைத்தால் மேனேஜர் பார்த்ததுமே கேட்பார். ஒட்டி வைத்தால் அவர் கையிலேயே உடையும். புது பாடி வரும்வரை பத்து நாள் மறைக்கவும் முடியாது. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வாள். அப்படியே பையை வாங்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனாள்.

மேனேஜர் ஆறுச்சாமி முன்னால் லேப்டாப்பை வைத்து, பஸ்ஸில் நடந்ததையும் லெஸ்லி சொன்ன விலைகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“எதுலயும் காசு போட வேண்டாம்மா. அடுத்த மாசத்துலிருந்து கணக்கெல்லாம் கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்லயே பாத்துக்கறாங்களாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாளா நான் தவிச்சுட்டிருக்கேன்.”

“அப்ப நானுங்க சார்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து வெலிங்டனில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எட்டாயிரத்துக்கு வேலை கிடைத்தது. அங்கே மேஜைக் கம்ப்யூட்டர். எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனாலும் ஆடிட்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசும் நாட்களில், தன் வேலையைப் பற்றித்தானோ என்று அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.