ஏழு மணி நேரம், பத்து நிமிஷம்

எங்க டிக்கெட் ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. கிலோமீட்டர் சார்னுதான் கூப்பிடுவோம். எந்த ரெண்டு ஏர்போர்ட்டைச் சொன்னாலும், கம்ப்யூட்டர் முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே தூரத்தைச் சொல்லிடுவார். ஆனா மனுஷன் முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தடவைகூட விமானம் ஏறினதில்ல. "பயமா சார்?"னு கிண்டல் பண்ணினா, "போய்ச் சேர்ற நேரம்தான் தெரிஞ்சுடுதே, அப்புறம் எதுக்கும்மா போகணும்?"னு சொல்லிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். டிக்கெட் கவரோட பின்பக்கம் பென்சிலால ஒரு நேரம் எழுதித் தருவார். பறக்கற நேரம் மட்டும் இல்ல; வீட்டு வாசலைத் தாண்டறதுல இருந்து, பார்க்கப் போறவங்களைப் பார்க்கற வரைக்கும். ஒரு தடவை மகளைப் பார்க்கப் போன பெரியவருக்கு, பத்தொன்பது மணி நேரப் பயணத்துக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதிட்டார். நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அந்த விமானம் பனிமூட்டத்துல வேற ஊர்ல இறங்கிச்சு. பெரியவர் சரியா முப்பத்தோராவது மணியில மகளைப் பார்த்தாராம். அதுக்கப்புறம் அவர் பென்சிலை எடுத்தா நான் சிரிக்கறதில்ல.

போன வருஷம் ஊர்ல இருந்து என் அண்ணன் போன் பண்ணினான். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இன்னிக்கோ நாளைக்கோங்கறாங்க. உன்னையேதான் கேட்கறாங்க. சீக்கிரம் வந்துடு." டிக்கெட் போடறப்போ ரெண்டு தடவை தேதியைத் தப்பா அடிச்சேன். கிலோமீட்டர் சார்தான் போட்டார். ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கறதுக்கே பதினொன்றரை மணி நேரம். வாசலுக்கு வாசல் பதினேழு ஆகும்னு எனக்கே தெரியும். அவர் எழுதினது ஏழு மணி நேரம், பத்து நிமிஷம்.

"என்ன சார், விளையாடறீங்களா? எங்க அம்மா உசிரு சார்!"னு கத்திட்டேன்.

அவர் தலை நிமிரவே இல்ல. "கிளம்பும்போது மணி பார்த்துக்கோம்மா. உனக்கு ஜன்னலோரம். பக்கத்து சீட்டை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்."

காலையில அஞ்சு மணிக்கு வாசலைத் தாண்டினேன். ஒன்பதுக்கு விமானம் கிளம்பிச்சு. என்ன ஜென்மம் இந்த ஆளுன்னு வழியெல்லாம் திட்டினேன். முன்னாடி திரையில கிலோமீட்டர் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கீழ வெறும் கடல், பட்டப்பகல் வெயில். கண்ணை மூடிக்கிட்டு, "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, வந்துட்டே இருக்கேன்"னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன்.

பக்கத்து சீட் லேசா முனகிச்சு, யாரோ உட்கார்ந்த மாதிரி. அம்மா குளிக்கற சோப்பு வாசனை. ஒரு கை, கால்ல இருந்து நழுவின என் போர்வையை இழுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் செருகி வெச்சுது. சின்ன வயசுல இருந்து அம்மா அப்படித்தான் செய்வாங்க. கண்ணைத் திறந்தேன். சீட்ல ஆளில்ல. வாட்ச்ல மணி பன்னிரண்டு பத்து.

மிச்சத் தூரம் அழுதுக்கிட்டேதான் போனேன். ஏர்போர்ட் வாசல்ல அண்ணன் என்னைக் கட்டிக்கிட்டு உடைஞ்சு போயிட்டான்.

"அவ தனியா அவ்வளவு தூரம் வரணுமேன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்கடி. திடீர்னு எழுந்து உட்கார்ந்து, செருப்பு எங்கடான்னு கேட்டாங்க. நானே எதிர்ல போய் அவளைப் பார்த்துக்கறேன்னாங்க. அவ்வளவுதான்."