வலான்ஸில் மழை பெய்த நாள்

அந்த மேப்பை விரித்தாலே பாச்சை உருண்டை வாசனை வரும்...

பிரான்ஸ் தேசத்து மேப். துரை பங்களாவின் டைனிங் டேபிள் முழுக்க விரியும். பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு டீ கப் வைப்போம். ஜன்னலுக்கு வெளியே ஓசூர் பக்கத்து மத்திகிரிப் பண்ணை மாடுகள் கத்திக்கொண்டிருக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு மாதம். என் வீட்டுக்காரர் முனிராஜ், மத்திகிரியிலேயே தங்கிவிட்ட ஒரு ரிட்டயர்டு வெள்ளைக்கார துரையிடம் டிரைவர். பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

துரைக்கும் துரைசாணிக்கும் நெடுநாள் ஆசை ஒன்று. காரைப் பம்பாயில் கப்பலேற்றி, மார்செய் துறைமுகத்தில் இறக்கி, பாரிஸ் வரை நிதானமாக ஊர் ஊராகத் தங்கிப் போக வேண்டும். துரைக்குக் கண் மங்கல். அதனால் டிரைவரையும் கூட்டிப் போவது என்று முடிவானது.

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்தவள். துரைசாணி ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவார்... நான் தமிழில் எழுதிக்கொள்வேன். அவிஞோன், வலான்ஸ், லியோன், டிஜோன். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஓட்டல், எங்கே பெட்ரோல்... கிலோமீட்டரை மைலாக மாற்றிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு நோட்டு எழுதினேன். ஒன்று அவருக்கு. ஒன்று எனக்கு.

நான் போகாத பயணத்துக்கு நானே பிளான் போட்டேன். 'நீயும் வாயேன்' என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கே ரோட்டில் வலது பக்கம் ஓட்டணுமாம். பழகிக்கொள்வதற்காகப் பண்ணை ரோட்டில் காலையில் வலது பக்கமாகவே ஓட்டிப் பார்ப்பார். நான் பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருநாள் மிரண்டு போய்க் கத்தினார்.

"ஏம்ப்பா டிரைவரு, எல்லை தாண்டி அத்திப்பள்ளி போயி ஊத்திக்கிட்டு வந்தியா?"

"இல்லீங்கண்ணா, பாரிஸ் போறன்!" என்றார் இவர்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுபோலச் சிரித்த நாள் குறைவு.

அவர் கிளம்பும்போது எனக்கு மூன்று மாதம். அம்மா இல்லாத வீடு என்பதால் பிறந்த ஊரான காவேரிப்பட்டினத்துக்கும் போகவில்லை. பங்களா சாவி என்னிடம். அத்தனை பெரிய வீட்டில் நானும் இரண்டு நாய்களும்தான்...

தினமும் காலையில் நோட்டைப் பிரிப்பேன். இன்று கப்பல் ஏடன். இன்று மார்செய். இன்று அவிஞோன். அவர் ஓட்டுகிற ரோட்டில் என் விரலும் போகும். கடிதம் எப்போதாவது வரும். 'நலம். நீ எழுதின மாதிரியே எல்லாம் இருக்குது.' அவ்வளவுதான்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை, வலி வந்தது. பண்ணையில் பால் கறக்கிற நாகம்மாதான் வண்டி பிடித்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தெலுங்குக்காரப் பொம்பிளை, பெரிய பழக்கம்கூடக் கிடையாது. வழி முழுக்க என் கையை விடவில்லை.

குழந்தை தங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மா சொன்னார்: "எழுதிடும்மா. பெத்தவனுக்குத் தெரிய வேணாமா?"

எழுத உட்கார்ந்தேன். கடிதம் போய்ச் சேர எட்டு நாளாகும். எட்டு நாள் கழித்து அவர் எந்த ஓட்டலில் இருப்பார் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். விலாசம்கூட எழுதிவிட்டேன்... ஆனால் பழகாத ரோடு, பழகாத பக்கம். படித்துவிட்டு ஓட்டும்போது கவனம் தப்பினால்? கவரைக் கிழித்துப் போட்டேன்.

பிறகும் தினமும் நோட்டைப் பிரித்தேன். லியோன். டிஜோன். பாரிஸ். யாரிடமும் பேசாமல் இரண்டு மாதம் ஓடியது.

துரையும் காரும் பம்பாயில் தங்க, அவர் மட்டும் முன்னால் கிளம்பி, பெங்களூர் பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கினார். நான் நின்றிருந்தேன். முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பெட்டியை ஜட்கா வண்டியில் ஏற்றினார். பாதி வழி வந்த பிறகுதான் கேட்டார்.

"எப்ப புள்ள?"

"நீங்க வலான்ஸ்ல இருந்தன்னிக்கி."

நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். அந்தத் தேதி என் மனதில் அந்த ஊரின் பெயரோடுதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான்.



"அன்னிக்கி அங்க நல்ல மழை. தொரை வெளிய வரல. நாள் பூரா கார்லயே ஒக்காந்திருந்தன். பேச ஒரு ஆளு கெடையாது. என்னடா பண்றா இவ இப்பன்னு ஒன்னியவே நெனச்சிக்கிட்டு கெடந்தன்..." என் பக்கம் திரும்பினார். "எழுதியிருக்கலாமில்ல, சரோஜா?"

"எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவரால் வந்திருக்க முடியாது. கப்பலும் காரும் இன்னொருவருடையவை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன்... அந்தக் கேள்விக்காகப் பல வருஷம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது.

போன மாதம் என் சின்ன மகன் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போனான். வாடகைக் கார், வழி சொல்ல போன். யாரும் நோட்டு எழுதவில்லை. மூன்று வேளையும் வீடியோ கால். நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"வந்துடட்டுமாம்மா?" என்றான் உடனே. ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"வேணாம்டா, சுத்திட்டு வா" என்றேன்.

ஒருத்தர் அப்படிக் கேட்டுவிட்டால், வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது...