போட்டாதாங் கம்பியில் ஒரு ஜோடி ஷூ

ரங்கூனில் அமலி குடியிருந்த போட்டாதாங் தெருவில் கரண்டு வந்தால்தான் அதிசயம். கம்பிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு விடிந்தபோது அந்தக் கம்பியில் ஒரு ஜோடி ஷூ தொங்கியது. போதாதா? தெரு முழுக்க மேதாவிகள் முளைத்துவிட்டார்கள்.

"அமெரிக்காவுல இப்படித் தொங்குனா அங்க கஞ்சா கிடைக்கும்னு அர்த்தம்," என்றார் டீக்கடை அய்யூப். அமெரிக்கா கிடக்கட்டும், மனுஷர் ஆற்றுக்கு அக்கரைகூடப் போனதில்லை. வீட்டில் யாரோ செத்ததற்கு அடையாளம் என்றாள் எதிர்மாடி டோ மியா. ஆம்பிளைகளுக்கோ வேறு கவலை. காலில் போடுவது தலைக்கு மேலே தொங்கினால் அவர்களுடைய மகிமை குறைந்துபோகுமாம். அவனவன் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனான். ஆகா, இருக்கிற மகிமையைத்தான் பாருங்களேன்!

மூன்றாம் மாடியில் அமலி பால்கனிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஷூ அவள் மகன் ஆண்ட்ரூவுடையது. பட்டாளத்துக்குப் பையன்களைப் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து, அவன் மலேசியாவில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவனோ உள்ளறையில் இருந்தான். மறுநாள் எல்லையைத் தாண்டித் தப்பிக்கக் கிளம்ப வேண்டும். பிய்ந்த ஷூவை நாலு தெரு தள்ளித் தைக்கக் கொடுத்து, விடிவதற்குள் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் மாட்டிவிடும்படி தைப்பவனிடம் சொல்லியிருந்தாள். ரங்கூனில் மாடிவீட்டுக்காரர்களுக்குக் காய்கறி, பேப்பர் எல்லாம் கயிற்றில்தானே ஏறுகிறது! யாரும் பார்ப்பதற்குள் ஏற்றிவிட வேண்டுமென்று வெடுக்கென்று இழுத்தாள். ஷூ ஊஞ்சலாடிப் போய்க் கம்பியில் சுற்றிக்கொண்டது. கயிறு மட்டும் காலியாக மேலே வந்தது. காலமெல்லாம் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் ஆபீசில் கிளார்க்கு வேலை பார்த்தவளுக்கு ஒரு ஜோடி ஷூவை மாடிக்கு ஏற்றத் தெரியவில்லை. பலே கெட்டிக்காரி!

கொஞ்ச நேரத்தில், பட்டாளத்துக்குப் பையன்கள் பட்டியல் எடுக்கும் வட்டாரத் தலைவர் ஆட்களோடு வந்தார். ஷூவுக்கு அடியில் வருவாரா அவர்? எவ்வளவு பெரிய மகிமை! எட்ட நின்றுகொண்டே மூங்கிலால் தள்ளிவிடச் சொன்னார். விழுந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"வாலிபப் பையன் போடுறது. புதுசா தைச்சிருக்கு. யார் வீட்டுல பையன் இருக்கான்?"

அவர் கண் ஒவ்வொரு மாடியாக ஏறியது. அமலி மாதாவைக் கூப்பிட்டாள்.

"அது என்னுது, சயா," என்றார் அய்யூப், மரியாதையாக.

"போட்டுக் காட்டு."

அய்யூப்புக்குக் கோழிக்குஞ்சுக் கால், ஷூவோ படகு. குந்தி உட்கார்ந்து நாடாவை இறுக்கிக் கட்டி, தெருமுனை வரைக்கும் புதுமாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினார். குதிகால் டப் டப்பென்று அடித்தது. தெருவில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. "போன வாரமே இவர் இதைப் போட்டிருந்ததைப் பார்த்தேனே," என்றாள் டோ மியா, யாரும் கேட்காமலே. தலைவர் இன்னொரு தரம் மாடிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் அய்யூப் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். அமலி கதவைத் திறந்தாள்.

"மலேசியாவுல இருக்கிற பையனுக்காகவா தினம் ரெண்டு பரோட்டா கூட வாங்குனீங்க?" என்றார். "தெருவுக்கே தெரியும். நீங்கதான் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க."

பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"ஆண்ட்ரூ, வெளிய வந்து போட்டுப் பாரு தம்பி. காலைக் கடிச்சா இப்பவே சொல்லு. நீ ரொம்ப தூரம் நடக்கணும்."