நங்கூர மோட்டரும் படகுக்கார மகாராசாக்களும்

படகில் உள்ள சாமான்களில் நங்கூரம் தூக்கும் மோட்டரைப்போல வாயில்லாச் சீவன் வேறில்லை. எது நடந்தாலும் முதல் பழி அதற்கு, அடுத்த பழி அதைத் திருத்தப் போனவனுக்கு.

என்னைப்போல டூல் பெட்டியோடு அடுத்தவன் வாசலில் நின்று பேச்சு வாங்கியிருந்தால் உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் நோபல் பார்க் என்கிற புறநகரில் ஒரு கார் வயரிங் கடையில் கூட்டித் துடைத்து, திட்டு வாங்கி, கை சுட்டுத் தொழில் பழகிப் படகுக்கு மாறினவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது படகுத்துறை மனேஜர் கிரேக்குக்கும் தெரியும். போன கோடை தொடங்கும்போதே சொல்லிவிட்டான்: மூன்று முறைப்பாடு வந்தால் வாசல் கார்ட்டைத் திருப்பித் தரவேண்டும். அந்தக் கார்ட் இல்லாமல் உள்ளே கால் வைக்கேலாது. என் பிழைப்பு முழுக்க அந்த வேலிக்கு அங்கால்தான் மிதக்கிறது.

துடைப்பு

முதலாவது ஆள் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மோட்டர் முனகுகிறது என்று இணையத்தில் புது மோட்டர் வாங்கித் தானே பூட்டியிருக்கிறார். புதியதும் முனகுகிறது. “பற்றரியில் குறையில்லை, மீற்றரில் பன்னிரண்டரை வோல்ட் காட்டுது” என்று எனக்கே பாடம் எடுத்தார். மோட்டர் சும்மா நிற்கும்போது அளந்தால் காட்டத்தானே செய்யும். பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மோட்டரடியில் அளந்தேன். ஏழு. சங்கிலி கிடக்கிற பொந்துக்குள் தலைகீழாக இறங்கிப் பார்த்தால், நெகட்டிவ் வயரின் முனையில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. சுரண்டித் துடைத்து, கிறீஸ் பூசி இறுக்கினேன். மோட்டர் சிங்கம் மாதிரி எழும்பியது.

சாமான் ஒன்றும் மாற்றவில்லைத்தானே, பேசின கூலியில் பாதி போதும் என்றார். “சரி, பாதியைத் தாருங்கோ, களிம்பைத் திரும்பப் பூசிவிட்டுப் போறன்” என்றேன். முழுக்கூலியும் வந்தது, பின்னாலேயே முறைப்பாடும் போனது. கிரேக் அதை எனக்கு வாசித்துக் காட்டினான்: “இந்த ஆள் ஒன்றையும் மாற்றவில்லை, வெறுமனே துடைத்தான், துடைக்க எனக்கும் தெரியும்.”

விழாத சுவிட்ச்

இரண்டாவது ஆள் டார்னெய்ட்டில் இருக்கிற கணினிக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். படகில் ஏறியதுமே பிளாஸ்டிக் கருகின மணம். பிரேக்கர், அதுதான் கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்ச், இருந்த இடத்தில் ஓட்டை. இரண்டு வயரையும் நேராக முறுக்கிக் கட்டியிருக்கிறார். ஏன் விழுந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் உண்மை வந்தது. நங்கூரம் தூக்கும்போது எஞ்சினை மெல்ல முன்னுக்கு விட்டு, தொய்கிற சங்கிலியை மட்டும் மோட்டரால் சுருட்டவேண்டும். இந்த மகாராசா எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, காற்றுக்கு எதிராக முழுப் படகையும் அந்தச் சின்ன மோட்டரால் இழுத்திருக்கிறார். அதுவும் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு.

“வீட்டுப் பியூசையும் கழட்டி எறிஞ்சுபோட்டோ பிள்ளையளைப் படுக்க வைக்கிறனீங்கள்?” என்று கேட்டேன். பிரேக்கர் போடாமல் வயரில் கை வைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. எனக்குப் பேசத் தெரியவில்லை என்று அங்கேயே கிரேக்குக்கு மெசேஜ் தட்டினார். தட்டிவிட்டு எனக்குச் சொன்னார்: “அது சும்மா சும்மா விழுந்து தொல்லை குடுத்துச்சு பிரதர், எடுத்தப்புறம் ஒருவாட்டி கூட விழல, அப்ப நான் செஞ்சது சரிதானே?”

மூன்றாவது

அந்தக் கொதிப்போடுதான் மார்கரெட்டின் படகுக்குப் போனேன். எழுபது வயது, முன்னாள் தாதி, தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிற மனிசி. பழைய பிரேக்கரை மாற்றவேண்டியிருந்தது. வாய்க்குள் அந்தக் கணினிக்காரரைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். மோட்டரை ஓட்டிக் காட்டினேன், ஓடியது. இரண்டு நாள் கழித்துக் கிரேக் போன் எடுத்தான்: “மார்கரெட் உன்னைப்பற்றிக் கதைக்கவேணுமாம். கார்ட்டையும் கொண்டு வா.”

போகிற வழியெல்லாம் மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டு போனேன். ஒரு மாதத் தவணை கேட்கலாம், கிரேக்கின் படகைக் கூலியில்லாமல் திருத்திக் கொடுக்கலாம் என்று. கிரேக்கின் கந்தோரில் மனிசி ஒரு துண்டுக் கடுதாசியை நீட்டினாள். தானே பொத்தானை அழுத்திக்கொண்டு அளந்து எழுதினது: பிரேக்கருக்கு முன்னால் பன்னிரண்டு வோல்ட், பின்னால் ஐந்து. “பிரேக்கரில் வயர் பூட்டுகிற நட்டை வெறுங்கையால் திருகியிருக்கிறாய். ஸ்பானர் போடவில்லை. நானே இறுக்கிவிட்டேன்” என்றாள். காற்று எழும்புகிற நேரம் மோட்டர் நின்றுபோய், முப்பது மீற்றர் சங்கிலியைத் தனியாகக் கையால் இழுத்திருக்கிறாள். உள்ளங்கை இரண்டிலும் பிளாஸ்டர். கார்ட்டை எடுத்துக் கிரேக்கிடம் நீட்டினேன்.

கிரேக் அதை வாங்காமல் மனிசியைப் பார்த்தான். “முறைப்பாடு என்று எழுதட்டோ?”

மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வேண்டாம். இவனைத் துரத்தினால் அடுத்து வருகிறவன் நட்டே போடமாட்டான்.”

ஆக, இத்தனை வருசத்தில் எனக்கு வாய்த்த ஒரே புத்தியுள்ள வாடிக்கையாளர் என் பிழையைத் தானே திருத்தி எனக்கு வேலையில்லாமல் செய்தவர் என்பதால், என் வீட்டு அடுப்பு எரிவதற்காகவாவது மற்ற மகாராசாக்கள் எல்லோரும் இருக்கிறபடியே இருந்து நூறாண்டு வாழட்டும்.