படிக்கட்டில் உட்கார்ந்த புதன்கிழமைகள்

கேரம் போர்டு பவுடர் கையில் பட்டால் லேசில் போகாது. எவ்வளவு தட்டினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை நிற்கும். என் தம்பி செந்திலின் கறுப்பு பேண்ட்டில் ஐந்து விரலும் அச்சு அச்சாக ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

அதைத் துவைக்கும்போதெல்லாம் எனக்கு எரியும்... கண் இல்லை, வயிறு.

ஆறேழு வருஷம் ஆகிறது. செந்திலுக்கு மனசு சரியில்லாமல் போய், வேலையை விட்டுவிட்டு, வேளச்சேரி வீட்டில் ஒரே அறைக்குள் முடங்கிக் கிடந்த காலம். அம்மா அப்பா இல்லை, அக்கா நானும் அவனும்தான். மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பது நான். ஹைதராபாத்தில் கிடைத்த ப்ரமோஷனை வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். பதிலுக்கு அவன் தருவது ஒரு "ம்". நல்ல நாளாக இருந்தால் இரண்டு "ம்".

டாக்டர்தான் மயிலாப்பூரில் ஒரு சென்டர் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். லஸ் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. அங்கே டாக்டரும் கிடையாது, நர்ஸும் கிடையாது. ஒரு காலத்தில் இதே மாதிரி மாத்திரை போட்டு எழுந்து வந்தவர்கள், இப்போது கஷ்டப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். டீ போடுவார்கள், கேரம் ஆடுவார்கள். சட்டம் ஒன்றே ஒன்று... உள்ளே பேசினது உள்ளேயே. வீட்டு ஆட்களுக்குப் படிக்கட்டுதான்.

புதனும் சனியும் பறக்கும் ரயிலில் கூட்டிக்கொண்டு வருவேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போவான். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் படியில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் மேலே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

செந்தில்.

ஒன்றரை வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஒரு நிமிஷம். அப்புறம் சிரிக்க வைத்தது யார் என்று எட்டிப் பார்த்தேன். பஷீர் பாய். ராயப்பேட்டையில் டெய்லர், அவரும் பல வருஷம் இதே நோயோடு மல்லுக்கட்டியவர். கேரம் போர்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்.

சோறு ஆக்கிப் போடுவது நான், சிரிப்பு இவருக்கா? அப்படித்தான் நினைத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் பாய் டீ குடிக்கக் கீழே வந்தபோது, உங்ககிட்ட என்னதான் பேசுறான் என்று கேட்டேவிட்டேன்.

"அத்த அவனே சொல்லுவான்மா. நான் சொல்லிட்டா அப்பால இன்னா மருவாதி கீது?"

நியாயமான பதில். அதனாலேயே இன்னும் எரிந்தது.

அடுத்த புதன்கிழமைதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். செந்தில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னிக்கு சென்டர் லீவாம்டா" என்றேன்.

நம்பினான். சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் மாட்டினான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். நான் போட்ட அரை நாள் லீவு முழுக்க என்னோடு வீட்டில்தான் இருந்தான், ஒரு "ம்" கூட வரவில்லை.

சாயங்காலம் பாய் போன் பண்ணினார். காய்ச்சல் என்று இன்னொரு பொய்.

சனிக்கிழமை படி ஏறும்போதே பாய் எதிரே வந்தார். "இன்னா நைனா, காய்ச்சல் வுட்டுச்சா?"

செந்தில் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கைப்பையில் எதையோ தேடினேன். அவன் பாயைப் பார்த்து, "இப்ப பரவால்ல பாய்" என்றான்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான்.

யாரையும் கண்ணெடுத்துப் பார்க்காதவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன், என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறான்.

சனிக்கிழமைகளில் பின்னறையில் வீட்டு ஆட்களுக்கும் தனியாக ஒரு வட்டம் உண்டு, சுற்றி உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேசுவார்கள். பல தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன கேடு, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று போனதில்லை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றினேன். முன்பின் தெரியாத ஆறு பேர். ஹைதராபாத், லீவு என்று சொன்ன பொய், அந்தக் கேரம் போர்டை உடைத்துப் போடலாமா என்று தோன்றியது... எல்லாம் கொட்டிவிட்டேன். யாரும் அறிவுரை சொல்லவில்லை. எதிரே இருந்த ஒரு அம்மா மட்டும், "சென்டர்லேர்ந்து யாரும் கூப்பிடக் கூடாதுன்னு நான் எங்க வூட்டுக்காரர் போனையே ஒளிச்சு வெச்சேம்மா" என்றார்கள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் ரயிலில், கோட்டூர்புரம் தாண்டியதும் செந்தில் வாயைத் திறந்தான்.

"உள்ள என்னக்கா பேசின?"

ஒன்றரை வருஷத்தில் அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"உள்ள பேசினது உள்ளயே" என்றேன்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்ன வயசில் என்னோடு சண்டை போட்டால் இப்படித்தான் திரும்பிக்கொள்வான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா...

இப்போது பாய் பழையபடி கடையோடு இருக்கிறார், எப்போதாவதுதான் சென்டர் பக்கம் வருவார். அவர் உட்கார்ந்த இடத்தில் செந்தில் உட்கார்கிறான். பேண்ட்டில் இன்னும் அதே வெள்ளை, ஆனால் அவனே துவைத்துக்கொள்கிறான். சாப்பிடும்போது சென்டர் பையன் யாராவது போன் பண்ணினால் எழுந்து போய்விடுவான், நான் ஊற்றிய தோசை ஆறிப் போகும். எரிச்சல் இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் சொன்னான், "புதுசா ஒரு பையன் வரான்க்கா. அவன் அக்கா படியிலயே உக்காந்து என்னைய மொறைக்குது. அப்படியே உன் ஜாடை."

அந்தப் பையன் என்ன பேசுகிறான் என்று கேட்டேன். சிரித்தான், சொல்லவில்லை.

வருகிற புதன்கிழமைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். அந்தப் பெண் பக்கத்தில், படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று.

என்ன பேசினோம் என்று இவனுக்குச் சொல்லப் போவதில்லை.