மைதானத்தில் அண்ணி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு ராக் பாடகர் சென்னைக்கு வந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். என் அண்ணனுக்கு அவர் என்றால் உயிர். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸில், மற்ற வீடுகளில் பொம்மைகள் இருக்கும் இடத்தில், அவருடைய கேசட்டுகள் நின்றன. ஆபீசிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் டேப் ரெக்கார்டரைப் போட்டுவிடுவான். சமையலறையிலிருந்து அண்ணி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வாள். அதுவும் தினமும் நடப்பதுதான்.

நந்தனத்தில் நிகழ்ச்சி என்று பேப்பரில் பார்த்ததும் அவனுக்கும் எனக்கும் டிக்கெட் வாங்கிவிட்டான். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லித் தீர்த்திருந்தேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு, திறந்தபோது ரத்தச் சிவப்பு. மெட்ராஸ் ஐ. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். அவ்வளவு கூட்டத்துக்கும் ஒட்டவிடப் போகிறாயா என்று அம்மா வாசற்படியை மறித்துக்கொண்டாள். மத்தியானம் வரை மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டான்.

"நீ இவளக் கூட்டிட்டுப் போ. தனியா அனுப்ப மாட்டாங்க."

"எனக்கு அங்க என்ன வேலை? ஒரு வார்த்தை புரியாது" என்றாள் அண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். வெளியே போவதென்றால் அவளுக்கு அதுதான் உடை.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி நடந்தோம். மைதானம் முழுக்க ஜீன்ஸும் கறுப்பு டி-ஷர்ட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே பட்டுப்புடவை அண்ணியுடையதுதான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் தோள்வரை முடி வளர்த்த ஒருவர், "அக்கா, இங்கேந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, முன்னாடி போங்க" என்று வழிவிட்டார். அவர் நண்பர்களும் விலகினார்கள். புடவையின் தயவில் மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றோம்.

விளக்குகள் அணைந்தன. டிரம்ஸ் அடித்தபோது சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் இடித்தது. ஒல்லியாக, நரைத்த தலையோடு அவர் வந்து நின்றார். "இவரா? எங்க பெரியப்பா மாதிரி இருக்காரு" என்றாள் அண்ணி. அந்தப் பெரியப்பா மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினார். ஓடிக்கொண்டே பாடினார். போஸ்டரில் பார்த்த முகம் உயிரோடு வியர்த்துக்கொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டே குதித்தேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது பாட்டில் என் காதருகே ஒரு குரல். திரும்பினால் அண்ணி பாடிக்கொண்டிருந்தாள். வார்த்தைகள் அல்ல, அவற்றின் ஓசைகள்; ஒன்றுகூடத் தப்பவில்லை. "இப்ப கிடார் நின்னுடும் பாரு" என்றாள். நின்றது. எப்படி அண்ணி என்று கேட்டேன்.

"மூணு வருஷமா சாம்பார் தாளிக்கும்போதெல்லாம் இதானே கேக்கறேன்."

கடைசியில் ஒரு மெதுவான பாட்டு. உச்சத்தில் அவர் குரல் உடைந்தது. சிரித்துவிட்டு, தண்ணீர் குடித்து, அந்த வரியை மறுபடி பாடினார். இந்த முறை குரல் போய் நின்ற இடத்தில் மைதானமே ஒரு நொடி மூச்சுவிடவில்லை. பிறகு மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். முதல் சரணத்தை எல்லோரும் பாடினார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் தடுமாற, அண்ணி தடுமாறவில்லை. சுற்றி நின்ற டி-ஷர்ட்டுக்காரர்கள் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும்.

திரும்பும் ரயிலிலும் பெட்டிச் சுவரைத் தட்டிக்கொண்டு பாட்டுதான். அண்ணிக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

மறுநாள் காலை எங்கள் இருவருக்கும் தொண்டையில் காற்றுதான் வந்தது. எந்தப் பாட்டு முதலில், என்ன சட்டை, எப்படி நடந்தார் என்று அண்ணன் துளைத்தெடுத்தான். அண்ணி சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை. தோசைத் திருப்பியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, புடவையை இடுப்பில் செருகி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடிக் காட்டினாள். அண்ணன் கூலிங் கிளாஸைக் கழற்றி, சிவந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றான்.